விசையை மாற்றலாம், இலக்கணத்தை உடைக்காமல்: விம் வகை எடிட்டர்களில் குறுக்குவிசை அமைப்பு

விசைகளாலேயே உரையைத் திருத்த உதவும் மென்பொருளான விம் எடிட்டரில், ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘டி’யை (D) அழுத்தினால் கர்சர் நிற்கும் இடத்திலிருந்து வரியின் கடைசி வரை அழிகிறது. பெரிய ‘சி’யை அழுத்தினால் அதே பகுதி அழிந்து, அங்கேயே புதிதாக எழுதத் தொடங்கலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் பெரிய ‘ஒய்’ அதே பகுதியை நகலெடுக்க வேண்டும். ஆனால் அது முழு வரியையும் நகலெடுக்கிறது. விம்முக்கு முன்னோடியான பழைய வி.ஐ. எடிட்டர் அப்படிச் செய்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. வரியின் கடைசி வரை எடுப்பதுதான் முறை, ஆனால் அது வி.ஐ.யோடு ஒத்துப்போகாது என்று விம்மின் உதவிக் கோப்பே சொல்லிவிட்டு, மாற்றிக்கொள்ள விரும்புபவர்களுக்கு ஒரு வரியையும் தருகிறது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் எடிட்டரின் 0.6 பதிப்பு 2021இல் வெளியானது; அதில் இந்த மாற்றம் இயல்பமைப்பாகவே வந்துவிட்டது.

விசைகளை மாற்றியமைப்பது பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு விசையில் இருக்கிறது. நிலைகள் கொண்ட எடிட்டர் என்றால், இன்சர்ட் நிலையில் விசைகள் எழுத்தாக விழும். நார்மல் நிலையில் அதே விசைகள் ஒவ்வொன்றும் கட்டளை. இந்தக் கட்டளை விசைகளில் சில, அந்தக் காலத்து இயந்திரம் எப்படி இருந்ததோ அதற்கேற்ப அமைந்துபோனவை. மற்றவை ஓர் இலக்கணத்தின் உறுப்புகள். முதல் வகையைத் தாராளமாக மாற்றலாம். இரண்டாம் வகையில் கைவைத்தால், மாற்றியது ஒரு விசையாக இருக்கும், கெடுவது பத்துக் கட்டளையாக இருக்கும். யாரோ எழுதிவைத்த அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் சில வாரங்களில் வெறுத்துப்போவதற்கு இந்த வேறுபாடு பிடிபடாததே பெரும்பாலும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இயந்திரத்தால் வந்தவற்றை முதலில் பார்ப்போம். 1976 வாக்கில் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் வி.ஐ.யை உருவாக்கியபோது அவர் பயன்படுத்தியது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினல், அதாவது கணினியோடு இணைக்கும் திரையும் விசைப்பலகையும். அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. கர்சரை நகர்த்த இன்றும் அந்த நான்கு எழுத்துகளையே பயன்படுத்துகிறோம். எஸ்கேப் விசையின் கதையும் அதுதான். இன்றைய விசைப்பலகையில் டேப் இருக்கும் இடத்தில் அன்று எஸ்கேப் இருந்தது. சுண்டுவிரல் லேசாக நகர்ந்தால் போதும். ஒவ்வொரு முறை எழுதி முடித்ததும் அழுத்த வேண்டிய விசை பின்னாளில் மேல் மூலைக்குத் தள்ளப்பட்டது. எடிட்டரில் எதுவும் மாறவில்லை, அதன் கீழிருந்த பலகை மாறிவிட்டது. ஆகவே எஸ்கேப்பை வேறு இடத்துக்குக் கொண்டுவருவதில் தயங்கவே தேவையில்லை. கேப்ஸ் லாக் விசையை, தட்டினால் எஸ்கேப், பிடித்துக்கொண்டால் கன்ட்ரோல் என்று இயங்குதள அளவிலோ விசைப்பலகைக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரிலோ மாற்றுவது நான் முதலில் பரிந்துரைக்கும் மாற்றம். அது எடிட்டருக்கு வெளியே நடப்பதால் எந்த இலக்கணத்தையும் தொடுவதில்லை.

இலக்கணம் என்று நான் சொல்வது இதைத்தான்: ‘டி’ என்றால் அழி, ‘சி’ என்றால் மாற்று, ‘ஒய்’ என்றால் நகலெடு. இவை வினைகள். ‘டபிள்யூ’ என்றால் அடுத்த சொல் வரை, ‘ஐ’யும் ‘டபிள்யூ’வும் சேர்ந்தால் கர்சர் நிற்கும் சொல், ‘ஐ’யும் மேற்கோள் குறியும் சேர்ந்தால் மேற்கோளுக்குள் இருப்பது. இவை எல்லைகள். எந்த வினையோடும் எந்த எல்லையையும் சேர்க்கலாம். பத்து வினையும் முப்பது எல்லையும் கற்றவருக்கு முந்நூறு கட்டளைகள் மனப்பாடம் இல்லாமலே கிடைக்கின்றன. மற்ற எடிட்டர்களில் ஒரு குறுக்குவிசை என்றால் ஒரு வேலை. இங்கே ஒரு விசை பல சேர்க்கைகளில் பங்கெடுக்கிறது.

இந்தப் பங்கெடுப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் ஆங்கில எழுத்துகளை வேறு வரிசையில் அடுக்கிய கோல்மேக் விசைப்பலகை நல்ல எடுத்துக்காட்டு. சாதாரணப் பலகையில் எச், ஜே, கே, எல் இருக்கும் இடங்களில் கோல்மேக்கில் எச், என், ஈ, ஐ இருக்கின்றன. பழகிய இடத்திலேயே விரல்கள் நகர வேண்டும் என்று விரும்புபவர் ‘என்’னைக் கீழ், ‘ஈ’யை மேல், ‘ஐ’யை வலம் என்று ஆக்குகிறார். ‘என்’ என்பது தேடலில் அடுத்த இடத்துக்குப் போகும் விசை. அதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும். ‘ஈ’ என்பது சொல்லின் கடைசி எழுத்துக்குப் போவது. அதற்கும் இடம் பார்க்க வேண்டும். ‘ஐ’தான் சிக்கலே. அது இன்சர்ட் நிலைக்குள் நுழையும் விசை மட்டுமல்ல, ‘டி’க்குப் பிறகு வந்தால் ‘உள்ளே’ என்ற பொருள் தருவதும் அதுதான். எந்த நிலைக்கு என்று காட்டும் முன்னொட்டு எதுவும் இல்லாமல், விசையின் வேலையை மாற்றும் ‘நோர்மேப்’ கட்டளையால் ‘ஐ’யை மாற்றினால், வினைக்குப் பிறகு எல்லைக்காகக் காத்திருக்கும் நிலையிலும், உரையைத் தேர்ந்தெடுக்கும் விஷுவல் நிலையிலும் அந்த மாற்றம் செல்லும். கர்சர் அழகாக வலப்பக்கம் நகரும். ஆனால் ‘சி, ஐ, டபிள்யூ’ என்று அழுத்திச் சொல்லை மாற்றும் வழி போய்விடும். நார்மல் நிலைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினால் அது பிழைக்கும். ஆனால் விஷுவல் நிலையில் ‘ஐ’யால் நகர முடியாது. இரண்டையும் காப்பாற்ற, ‘உள்ளே’ என்பதற்கே வேறு விசை ஒதுக்க வேண்டும். ஒரு விசையில் தொடங்கிய மாற்றம் ஐந்தாறு விசைகளை இடம்பெயரச் செய்துவிடுகிறது. இதனால்தான் கோல்மேக் பயன்படுத்துபவர்களில் பலர் எச், ஜே, கே, எல் ஆகிய விசைகளை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அம்பு விசைகளை வேறோர் அடுக்கில், அதாவது இன்னொரு விசையைப் பிடித்துக்கொண்டால் கிடைக்கும்படி, வைத்துக்கொள்கிறார்கள். சரியான முடிவு அது.

மேப்பிங் எப்படி வேலை செய்கிறது

விம்மில் மேப்பிங் என்பது, ஒரு விசைத்தொடர் வந்தால் அதற்குப் பதிலாக இன்னொரு விசைத்தொடரை அழுத்தியதாக எடுத்துக்கொள் என்ற ஏற்பாடு. விசைக்குப் பதில் விசை. கட்டளைக்குப் பெயர் சூட்டும் வேலை அதில் இல்லை. விம்மின் வலிமையும் தொல்லையும் இதில்தான் இருக்கின்றன. பதிலாக வரும் விசைகளுக்கும் மேப்பிங் இருந்தால் அதையும் பின்தொடர வேண்டுமா? ‘மேப்’ என்று எழுதினால் பின்தொடரும். ‘நோர்மேப்’ என்று எழுதினால் அந்த விசைகளின் அசல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

நீண்ட வரிகள் திரையில் மடிந்து தெரியும்போது, கோப்பின் அடுத்த வரிக்குப் போகாமல் திரையின் அடுத்த வரிக்குப் போக ‘ஜிஜே’ உதவும். கட்டுரை எழுதுபவர்கள் ‘ஜே’வையும் ‘ஜிஜே’வையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள நினைப்பது இயல்பு. இரண்டையும் ‘மேப்’ கட்டளையால் எழுதினால், ‘ஜே’ என்பது ‘ஜிஜே’ ஆகும், அது மறுபடி ‘ஜே’ ஆகும், அது மீண்டும் ‘ஜிஜே’ ஆகும். இயல்பமைப்பில் ஆயிரம் சுற்றுக்குப் பிறகு விம் பிழைச்செய்தி காட்டி நிறுத்திவிடும். ‘நோர்மேப்’ போட்டால் இந்தச் சுழல் கிடையாது. இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. வரி எண்ணை எண்ணிக்கொண்டு ‘12ஜே’ என்று தாவுபவருக்கு, மடிந்த வரிகளையும் சேர்த்து எண்ணும் ‘ஜிஜே’ தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். எண் கொடுக்காமல் அழுத்தினால் ‘ஜிஜே’, எண் கொடுத்தால் ‘ஜே’ என்று நிபந்தனையோடு கூடிய மேப்பிங் எழுத விம்மில் வசதி இருக்கிறது. அந்த ஒரு வரி என் கோப்பில் இல்லாவிட்டால் கை தடுமாறும்.

நியோவிம்மில் லுவா என்ற நிரல்மொழியில் மேப்பிங் எழுதும்போது, பின்தொடராமல் இருப்பதே இயல்பமைப்பு. கூடவே ஒவ்வொரு மேப்பிங்குக்கும் ஒரு சிறு விளக்கம் எழுதி வைக்கலாம். இதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த விசை எதற்கு என்று நினைவுபடுத்த அந்த விளக்கம் ஒன்றுதான் இருக்கும்.

காத்திருப்பு என்ற சிக்கல்

எஸ்கேப்புக்குப் பதிலாக இன்சர்ட் நிலையில் ‘ஜேகே’ என்று அடுத்தடுத்து அழுத்துவது மிகப் பிரபலமான மாற்றம். ஆங்கிலச் சொற்களில் இந்த இரு எழுத்துகளும் சேர்ந்து வருவது அபூர்வம் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் ‘ஜே’யை அழுத்தியவுடன் எடிட்டருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. இது வெறும் எழுத்தா, மேப்பிங்கின் முதல் பாதியா? விடை தெரிய அது காத்திருக்கும். விம்மின் இயல்பமைப்பில் அந்தக் காத்திருப்பு 1000 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடி. அதற்குள் ‘கே’ வந்தால் எஸ்கேப். வேறு எழுத்து வந்தால் உடனே ‘ஜே’ எழுத்தாகிவிடும். எதுவுமே வராவிட்டால் ஒரு விநாடி கழித்து எழுத்தாகும்.

வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கு இது உறுத்தாது. ஆனால் விதி பொதுவானது. ஒரு மேப்பிங் இன்னொன்றின் தொடக்கமாக அமைந்தால், சிறியது ஒவ்வொரு முறையும் தாமதமாகும். 2025இல் வந்த நியோவிம் 0.11 பதிப்பில், ‘ஜிஆர்’ என்று தொடங்கும் சில மூன்றெழுத்து மேப்பிங்குகள் இயல்பாகவே சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பே ‘ஜிஆர்’ என்ற இரண்டெழுத்தைத் தங்களுக்கென்று வைத்திருந்தவர்களுக்குத் திடீரென்று எடிட்டர் மந்தமானதுபோல் ஆயிற்று. அவர்களது விசை அப்படியேதான் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் ஓர் எழுத்து வரக்கூடும் என்று எடிட்டர் காத்துக்கொண்டிருந்தது. காத்திருப்பு நேரத்தைக் குறைப்பது தீர்வுபோலத் தோன்றும். மிகவும் குறைத்தால் மூன்று விசை கொண்ட மேப்பிங்குகளை அந்த அவகாசத்துக்குள் அழுத்தி முடிக்க முடியாது. ஒரு விசைத்தொடர் இன்னொன்றின் தொடக்கமாக இல்லாதபடி அமைப்பதே நல்ல வழி.

எந்த மேப்பிங் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், ‘வெர்போஸ்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்து ‘மேப்’ கட்டளையைக் கொடுங்கள். எந்தக் கோப்பில் எந்த வரியில் அது கடைசியாக வரையறுக்கப்பட்டது என்பதைக் காட்டிவிடும். எடிட்டரோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்களான பிளக்இன்கள் பெருகிய இந்தக் காலத்தில் இதைவிடப் பயனுள்ள கட்டளை குறைவு.

டெர்மினல் சொல்லாததை எடிட்டர் அறியாது

நார்மல் நிலையில் டேப் விசை பெரிதாகப் பயன்படுவதில்லையே என்று அதற்கு ஒரு வேலை கொடுக்கிறோம். மறுநாள், முன்பு போய்வந்த இடத்துக்கு முன்னோக்கித் தாவும் ‘கன்ட்ரோல்-ஐ’ வேலை செய்யவில்லை. எடிட்டர் ஓடும் கட்டளைச் சாளரமான டெர்மினலுக்கு இரண்டும் ஒன்றே என்பதுதான் காரணம். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய ‘ஐ’யின் எண் 73. கன்ட்ரோலோடு சேரும்போது அதிலிருந்து 64 கழிந்து 9 ஆகிறது. டேப்பின் எண்ணும் 9. இதே கணக்கில் கன்ட்ரோல்-எம் என்பது 13, அதாவது என்டர். கன்ட்ரோலும் இடச் சதுர அடைப்புக்குறியும் 27, அதாவது எஸ்கேப். மூலையிலிருக்கும் விசையை எட்ட விரும்பாதவர்களுக்கு, எந்த மாற்றமும் செய்யாமலே எஸ்கேப்புக்குக் கிடைக்கும் வழி இது. கன்ட்ரோல்-எச் 8, பின்னோக்கி அழிப்பது. கன்ட்ரோல்-ஜே 10, அடுத்த வரி. ஏடிஎம்-3ஏயில் இடது அம்பு எச் மீதும் கீழ் அம்பு ஜே மீதும் வந்தது இந்த எண்களோடு ஒத்துப்போகிறது.

டெர்மினல் வழியாக ஓர் எண் மட்டும் வந்து சேரும்போது, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை எடிட்டர் யூகிக்க முடியாது. கன்ட்ரோலோடு ஷிப்டையும் சேர்த்து மேப்பிங் எழுதி, அது வேலை செய்யாமல் மணிக்கணக்கில் அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. குறை கோப்பில் இருக்காது. விசைகளைத் துல்லியமாகத் தெரிவிக்கும் புதிய நெறிமுறைகளைச் சில டெர்மினல்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. அவற்றில், டேப்பையும் கன்ட்ரோல்-ஐயையும் நியோவிம் பிரித்தறியும். வேறு டெர்மினலில் அதே கோப்பு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதை மனதில் வைத்தே கன்ட்ரோல் மேப்பிங்குகளை எழுத வேண்டும்.

காலி இடம் எங்கே இருக்கிறது

நார்மல் நிலையில் ஏறக்குறைய எல்லா எழுத்துக்கும் வேலை இருக்கிறது. ஆனாலும் தேடினால் ஒரே வேலையைச் செய்யும் இரட்டைகள் அகப்படும். ஸ்பேஸ் பார் செய்வது ‘எல்’ செய்வதையே. பேக்ஸ்பேஸ் செய்வது ‘எச்’ செய்வதையே. கன்ட்ரோல்-என் என்பது ‘ஜே’. ‘எஸ்’ என்பது ‘சிஎல்’ என்று இரண்டு விசையில் செய்யக்கூடியதன் சுருக்கம். இவற்றை எடுத்துக்கொண்டால் இழப்பு கிடையாது. ஸ்பேஸ் பாரை லீடர் விசையாக வைப்பது இவ்வளவு பரவியதற்கு இதுதான் காரணம்: இரண்டு கட்டைவிரலுக்கும் எட்டுகிறது, எதையும் பறிப்பதில்லை. லீடர் என்பது நம் சொந்த மேப்பிங்குகளுக்கான முன்னொட்டு. விம்மில் அது இயல்பாக பேக்ஸ்லாஷ். சிலர் கமாவை லீடராக்குகிறார்கள். எழுத்தைத் தேடித் தாவும் ‘எஃப்’ கட்டளையில், திரும்பி வரும் விசை கமா. அதை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லீடரை எங்கே அறிவிக்கிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு மேப்பிங்கும் எழுதப்படும் கணத்தில் எது லீடராக இருந்ததோ அதையே எடுத்துக்கொள்ளும். கோப்பின் நடுவில் அறிவித்தால், மேலே உள்ளவை பழைய லீடரோடு நின்றுவிடும்.

லீடருக்குப் பின்னால் வரிசையாகக் கட்டளைகளைச் சேர்த்துக்கொண்டே போவது சுலபம். ஆனால் அப்படிச் சேர்ப்பவை ஒவ்வொன்றும் தனித்தனியாக நினைவில் நிற்க வேண்டியவை. முழுக் கோப்பையும் நகலெடுக்க லீடரும் ‘ஏ’வும் என்று வைத்தால் கிடைப்பது ஒரு வேலை. அதற்குப் பதிலாக, வினைக்குப் பிறகு காத்திருக்கும் நிலையில் ‘ஏஈ’ என்று அழுத்தினால், கோப்பின் முதல் வரிக்குப் போய் விஷுவல் நிலையில் கடைசி வரி வரை தேர்ந்தெடு என்று ஒரு மேப்பிங் எழுதிப் பாருங்கள். ‘ஒய்’யோடு சேர்ந்தால் முழுக் கோப்பும் நகலாகும். ‘டி’யோடு சேர்ந்தால் அழியும். சமக்குறியோடு சேர்ந்தால் முழுக் கோப்பின் உள்தள்ளலும் சீராகும். ‘ஜி’யும் பெரிய ‘யூ’வும் முன்னால் வந்தால் எல்லா எழுத்தும் பெரிதாகும். நாளை ஒரு பிளக்இன் புதிய வினையைக் கொண்டுவந்தால் அதனோடும் சேரும். எழுதியது ஒரு வரி, கிடைத்தது ஒரு புதிய எல்லை. என் பார்வையில், நிலைகள் கொண்ட எடிட்டருக்கே உரிய தனிப்பயனாக்கம் இதுதான். மற்றவை எந்த எடிட்டரிலும் செய்யக்கூடியவை.

புள்ளி விசையையும் மறக்கக்கூடாது. கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்பச் செய்வது அது. இரண்டு மூன்று மாற்றங்களைக் கோத்து ஒரு மேப்பிங் எழுதினால், புள்ளி அவற்றில் கடைசி ஒன்றை மட்டுமே திரும்பச் செய்யும். முழுவதும் திரும்ப வேண்டுமென்றால், நம் சொந்தச் செயலை ஒரு வினையாகவே பதிவு செய்யும் வசதி விம்மில் இருக்கிறது. சற்று மெனக்கெட வேண்டும், பலன் பெரிது.

நிலைகள் கொண்ட இன்னோர் எடிட்டரான ஹீலிக்ஸில் வரிசையே வேறு. முதலில் எல்லையைத் தேர்ந்தெடுத்து, பிறகு வினையைச் சொல்ல வேண்டும். அங்கே மேப்பிங் என்பது பெரும்பாலும், ஒரு விசைக்கு இந்தப் பெயர் கொண்ட கட்டளை என்று எழுதுவது. விசைக்குப் பதில் விசை என்ற சுழல் அதில் வருவதில்லை. முன்னொட்டு விசையை அழுத்தியதும் அடுத்து என்னென்ன அழுத்தலாம் என்று ஒரு பட்டியலும் தோன்றும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது தெளிவானது. விரல்கள் ஏற்கெனவே விம்முக்குப் பழகிவிட்டவர் மாறுவதற்கு முன் யோசிக்க வேண்டும். வி.ஐ. என்பது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையில் இடம்பெற்ற எடிட்டர். தொலைவில் உள்ள எந்தச் சர்வரில் நுழைந்தாலும் பெரும்பாலும் அது இருக்கும், நம் அமைப்புக் கோப்பு இருக்காது.

தமிழில் எழுதும்போது

ரோமன் அல்லாத எழுத்தில் எழுதுபவர்கள் அனைவருக்கும் இன்னொரு தலைவலி உண்டு. இயங்குதளத்தில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பை வைத்து எழுதுகிறோம். எஸ்கேப் அழுத்தி நார்மல் நிலைக்கு வந்து ‘ஜே’யை அழுத்தினால், எடிட்டருக்குப் போய்ச் சேர்வது ‘ப’. எச், ஜே, கே, எல் நான்கும் க, ப, ம, த ஆகிவிடுகின்றன. விம்மில் ‘லாங்மேப்’ என்ற ஓர் அமைப்பு இதற்காகவே இருக்கிறது: ‘ப’ வந்தால் ‘ஜே’ என்று கொள், ‘ம’ வந்தால் ‘கே’ என்று கொள் என எழுதி வைக்கலாம். கிரேக்கம் போன்ற எழுத்துகளுக்கு இது போதுமானது. தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்துவிடும். இரண்டு வரி கீழே போக ‘ஜே’யை இருமுறை தட்டினால், இயங்குதளம் அதை ‘ப்ப’ என்று திருத்தி அனுப்பப் பார்க்கும். லாங்மேப் அங்கே தடுமாறும்.

இரண்டு வழிகள் எஞ்சுகின்றன. இன்சர்ட் நிலையை விட்டு வெளியேறும் நிகழ்வில் ஒரு கட்டளையை ஓடவிட்டு, இயங்குதளத்தின் உள்ளீட்டை ரோமனுக்கு மாற்றலாம்; மறுபடி நுழையும்போது தமிழுக்குத் திருப்பலாம். பெரும்பாலோருக்கு இதுவே போதும். மற்றொன்று, விம்மின் சொந்த ‘கீமேப்’ வசதி. இயங்குதளத்தை எப்போதும் ரோமனிலேயே விட்டுவிட்டு, எந்த விசைத்தொடருக்கு எந்தத் தமிழெழுத்து என்ற பட்டியலை ஒரு கோப்பில் எழுதிவிடுகிறோம்: ‘எச்’ என்றால் க, ‘எச்எஸ்’ என்றால் கி. உயிர்மெய்களுக்கு மட்டும் 216 வரிகள் ஆகும். ஒரு சிறு நிரல் எழுதி அவற்றை உருவாக்கிவிடலாம். தானாக விழும் புள்ளியையும் கொண்டுவர வேண்டுமென்றால் வரிகள் இன்னும் பெருகும்.

நான் இரண்டாவது வழியின் பக்கம். கீமேப் இன்சர்ட் நிலையில் மட்டும் எழுத்துகளை மாற்றி, நார்மல் நிலைக் கட்டளைகளைத் தொடாமல் விட்டுவிடுகிறது. இருந்தாலும் ‘எஃப்’, ‘ஆர்’ போன்று அடுத்து ஓர் எழுத்தை எதிர்பார்க்கும் கட்டளைகளில் மட்டும் அது தமிழை அனுமதிக்கிறது. ‘எஃப்’ அழுத்தி ‘எச்’ அழுத்தினால் வரியில் அடுத்து வரும் ‘க’வுக்குக் கர்சர் தாவும். ‘எச்’சுக்குப் பின் ‘எஸ்’ வருமோ என்ற அந்த ஒரு விநாடிக் காத்திருப்பு இங்கேயும் இருக்கும் என்பதால், கீமேப் வைத்துத் தமிழில் எழுதும் கோப்புகளில் காத்திருப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.